பத்தொன்பது பள்ளமுள்ள தூண்

நாற்பத்திரண்டு கையெழுத்து. ஹால் டிக்கெட்டில் இருக்கிற முகத்தையும் பெஞ்சில் இருக்கிற முகத்தையும் ஒத்துப் பார்த்து, விடைத்தாளின் மூலையில் ‘ச. உமையாள்’ என்று போட்டு, கீழே ஒரு கோடு இழுத்து, அடுத்த பெஞ்சுக்கு நகர்ந்து, பத்து இருபதுக்குள் எல்லாவற்றையும் முடித்துவிட்டாள். கை தானாகப் போட்டது, அவள் கூடவே போனாள், அவ்வளவுதான். நாற்காலியில் வந்து உட்கார்ந்த பிறகுதான், இத்தனை போட்ட கைக்கு நாற்பத்து மூன்றாவது மட்டும் ஏன் வர மாட்டேன் என்கிறது என்று வலது கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். ஐம்பத்தோரு வயதுக் கை. நடுவிரலில் பேனா பிடித்த காய்ப்பு. காலடியில் கைப்பை, கைப்பைக்குள் காக்கி உறை, உறைக்குள் விசாரணைக் குழுவின் அறிக்கை. குழுவில் மூன்று பேர். ஒருவர் ‘குற்றச்சாட்டு உண்மை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாயிற்று. இன்னொருவர் ‘போதிய ஆதாரமில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாயிற்று. ‘தலைவர்’ என்று அச்சடித்திருக்கும் இடத்துக்கு மேலே ஒரு கையகலம் வெள்ளையாகக் கிடந்தது. தலைவர் அவள்தான். தேர்வு ஒரு மணிக்கு முடியும். ஒன்றரைக்குள் உறை முதல்வர் மேஜைக்குப் போக வேண்டும், இரண்டு மணிக்கு நிர்வாகக் குழு கூடுகிறது. நாற்பத்திரண்டு பிள்ளைகளுக்கும் மூன்று மணி நேரம், எனக்கும் அதேதான் என்று நினைத்தாள். அவர்களுக்கு ஐந்து கேள்வி, எனக்கு ஒன்று. அவர்கள் எழுத ஆரம்பித்துவிட்டார்கள்.

வழக்கு ஒன்றும் சிக்கலில்லை, சிக்கல் முழுக்க உமையாளிடம்தான் இருந்தது. குளத்துப்பட்டியில் ஒரு ஜமீன் மாளிகை. எந்த ஜமீன்தாரோ எங்கோ படத்தில் பார்த்து ஆசைப்பட்டு, கிரேக்கக் கோயில் மாதிரி தூண் வைத்துக் கட்டிய நூறு வருஷத்து வீடு. உமையாளின் கட்டடக்கலைத் துறையில் இளைய ஆசிரியையான ஜெசிந்தா, இருபத்தெட்டு வயது, அந்த வீட்டை மூன்று மாதம் வெயிலில் நின்று அங்குலம் அங்குலமாக அளந்து வரைந்தாள். வரைந்ததைத் துறைத் தலைவர் தணிகாசலத்திடம் பார்க்கக் கொடுத்தாள். அடுத்த வருஷம் அது அவர் பெயரில் புத்தகமாக வந்தது, பரிசும் வாங்கியது. ஜெசிந்தா புகார் கொடுத்தாள். உன் வரைபடம் என்பதற்கு என்னம்மா அத்தாட்சி என்று குழு கேட்டபோது அந்தப் பெண் சொன்ன பதிலை நினைத்தால் உமையாளுக்கு இப்போதும் சிரிப்பு வருகிறது. “அதுல ஒரு தப்பு இருக்கு மேம். அந்தத் தப்பு என்னோடது” என்றாள். துறையின் ஸ்டோர் ரூமில் இருக்கிற நாடா டேப்புக்குத் தலை கிடையாது. முனையில் இருந்த வளையம் எந்தக் காலத்திலோ பிய்ந்துபோய்விட்டது. அதனால் எல்லோரும் பத்து சென்டிமீட்டர் கோட்டில் பிடித்து அளப்பார்கள், எழுதும்போது பத்தைக் கழித்துக்கொள்வார்கள். மேற்குத் தாழ்வாரத்தில் நாலு தூண், மூன்று இடைவெளி. அதை அளந்த அன்றைக்கு ஜெசிந்தாவுக்குக் காய்ச்சல், கழிக்க மறந்துவிட்டாள். மூன்று இடைவெளியும் பத்து பத்து சென்டிமீட்டர் கூடிவிட்டது. தணிகாசலம் சார் புத்தகத்தில் அந்தப் பத்து சென்டிமீட்டருக்கே தனியாக ஓர் அத்தியாயம் இருக்கிறது. மேற்கு வெயிலில் தூண்கள் நெருங்கித் தெரியும் என்பதால், பார்த்தினன் கோயிலில் கிரேக்கர்கள் கண்ணை ஏமாற்றச் செய்த நுட்பத்தைக் குளத்துப்பட்டிக் கொத்தனாரும் எப்படியோ அறிந்து இடைவெளியைக் கூட்டியிருக்கிறார் என்று பதினாலு பக்கம் எழுதியிருந்தார். பரிசு அந்த அத்தியாயத்துக்குத்தான்.

வக்கீலம்மா வெளியிலிருந்து வந்த உறுப்பினர். “ஒரே தப்பை ரெண்டு பேரு தனித்தனியா எப்படிங்க பண்ணுவாங்க?” என்று கேட்டுவிட்டு முதல் நாளே கையெழுத்துப் போட்டார். சிவில் துறை மாணிக்கவாசகம் நல்ல மனிதர், யார் மனமும் நோகக்கூடாது என்பவர், அதனாலேயே எல்லோரையும் நோகடிப்பவர். “துறைக்கு இருக்கிறது ஒரே டேப்பு. சாரும் அதைக் கொண்டுபோயி அளந்து, அவரும் மறந்திருக்கலாமில்ல?” என்றார். இருக்கலாம்தான். வெளியாள் யாருக்கும் அது நியாயமான சந்தேகம். உமையாளுக்கு மட்டும் அது சந்தேகமே இல்லை. இருபத்தாறு வருஷத்தில் சார் ஒரு டேப்பின் முனையைக் குனிந்து பிடித்து அவள் பார்த்ததில்லை. பிடித்தவள் அவள்தான். முட்டி போட்டு, முள் குத்தி, பாம்புச் சட்டையைக் குச்சியால் தள்ளிவிட்டு, “பத்துல பிடிச்சிருக்கேன் சார்” என்று கத்தினவள். அவர் நிழலில் நின்று நோட்டில் எழுதிக்கொள்வார். பத்தைக் கழிக்க ஒரு நாளும் மறக்கமாட்டார், அவ்வளவு கெட்டி. அவர் அளந்திருந்தால் இந்தத் தப்பு வந்திருக்காது. இது உலகத்தில் உமையாள் ஒருத்திக்குத்தான் தெரியும். தெரிந்தவளிடமே முடிவு வந்து நிற்கிறது. மின்விசிறி ஒன்று டக் டக்கென்று அடித்துக்கொண்டு சுற்றியது. அதன் நேர் கீழே இருந்த பையன் விடைத்தாள் பறக்காமலிருக்கப் பென்சில் பெட்டியைத் தூக்கி வைத்தான்.

“இவ என் தலையிலேர்ந்து பொறந்தவ.” சார் அவளை யாருக்கு அறிமுகப்படுத்தினாலும் அப்படித்தான் சொல்வார். கருத்தரங்கில், கல்யாண வீட்டில், ஒரு தடவை ரயில் நிலையத்தில் போர்ட்டரிடம்கூட. கேட்கிறவர்கள் முழிப்பார்கள், உடனே கதையைச் சொல்வார். கிரேக்கர்களின் பெரிய தெய்வம் ஜீயஸுக்கு மண்டையைப் பிளக்கிற தலைவலி, கொல்லர்களின் தெய்வம் கோடாலியால் நெற்றியில் ஒரு போடு போட, உள்ளேயிருந்து அதீனா குதித்தாள், அறிவுக்குத் தெய்வம், குழந்தையாக இல்லை, முழுப் பெண்ணாக, தலைக்கவசம், ஈட்டி, கேடயம் சகிதம். “நம்ம உமையாளும் அப்படித்தான், ரெடிமேடு” என்று முடிப்பார். எல்லோரும் சிரிப்பார்கள். அவளுக்கு முகம் சிவக்கும், பெருமையாகத்தான் இருக்கும். அதை இப்போது மறைத்து என்ன ஆகப்போகிறது, ரொம்பப் பெருமையாக இருக்கும். வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் ஜன்னல் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்து அந்தத் தலைக்கவசத்தை வைத்துப் பார்த்துக்கொள்வாள். அவளும் அதே கதையைத்தான் இருபது வருஷமாக வகுப்பில் சொல்கிறாள், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தூங்கி விழுகிற பிள்ளைகளை எழுப்புவதற்கு. அதீனாவின் கோயிலான பார்த்தினனின் கிழக்கு முகப்பு முக்கோணத்தில் அந்தப் பிறப்பைத்தான் சிலையாக வைத்தார்கள். ஆனால் இப்போது போய்ப் பார்த்தால் பிறப்பு நடந்த நடு இடம் காலி. எந்தக் காலத்திலோ இடித்து எடுத்துவிட்டார்கள். ஓரத்தில் இருந்த ஆட்களும் குதிரைத் தலைகளும்தான் மிச்சம். அதையும் சொல்வாள். சொல்லாமல் விடுகிறது ஒன்று உண்டு. அந்தக் கவசத்தை யார் செய்தது? போன மாதம் ஜெசிந்தாவின் புகாரைப் படித்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தபோது திடீரென்று தோன்றிய கேள்வி அது. பதில் அவளுக்குத் தெரியாததில்லை. அதீனாவுக்கு அம்மா உண்டு. மீட்டிஸ் என்று பெயர், அவளும் அறிவுக்காரி. வயிற்றில் பிள்ளையோடு இருந்தவளை, பிறக்கிற பிள்ளையால் தன் நாற்காலிக்கு ஆபத்து வரும் என்று கேள்விப்பட்டு, ஜீயஸ் அப்படியே விழுங்கிவிட்டார். அவள் உள்ளேயே உட்கார்ந்து மகளுக்குக் கவசம் அடித்தாள் என்கிறார்கள். தலைவலி அந்தச் சுத்தியல் சத்தம்தான். இதையெல்லாம் படித்திருந்தும் வகுப்பில் ஒரு நாளும் சொன்னதில்லை. நேரமில்லை, பாடம் முடிக்க வேண்டும் என்று தனக்குத் தானே ஒரு காரணம் வைத்திருந்தாள்.

“மேம், அடிஷனல் ஷீட்” என்று மூன்றாம் வரிசையில் ஒரு கை உயர்ந்தது. உமையாள் எழுந்து போய்த் தாளில் கையெழுத்துப் போட்டு, முடிச்சுப் போட வெள்ளை நூலையும் கொடுத்தாள். திரும்பும்போது ஜன்னலோரம் இன்னொரு கை. பெயர் மெஹருன்னிசா, வகுப்பில் அதிகம் பேசாத பெண். காம்பஸைக் கையில் பிடித்துக்கொண்டே எழுந்து நின்றாள். “மேம், நாலாவது கேள்வி. பார்த்தினன் தூணோட குறுக்குவெட்டு வரையச் சொல்லியிருக்காங்க. புக்குல தூணைச் சுத்தி நெடுக்க ஓடுற பள்ளம் பத்தொன்பது இருக்கு. ஆனா வட்டத்தை நாலாப் பிரிச்சா பத்தொன்பது வரமாட்டேங்குது மேம். இருபதுதானே வரணும்? நான் எதைப் போடட்டும்?” உமையாளுக்கு ஒரு கணம் காது அடைத்துக்கொண்டது. இருபத்தாறு வருஷம். எத்தனை கல்லூரி, எத்தனை தொகுதி மாணவர்கள், எத்தனை ஆசிரியர்கள். ஒருத்தர்கூட எண்ணவில்லை. எண்ணினவளுக்குப் பத்தொன்பது வயதுகூட நிறைந்திருக்காது. “வினாத்தாள்ல சந்தேகம்னா நான் சொல்லக்கூடாதும்மா. பேப்பர் செட் பண்ணவங்களைக் கூப்பிடுறேன்” என்றாள். விதி அப்படித்தான். விதி இருப்பது எவ்வளவு சௌகரியம் என்று அந்த நேரத்தில் நன்றாகத் தெரிந்தது. வராந்தாவில் ஸ்டூல் போட்டிருந்த அட்டெண்டர் பாக்கியத்தை அனுப்பினாள்.

தணிகாசலம் சார் வந்தார். வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாத பேன்ட், நெற்றியில் சின்னதாக விபூதி. அறுபதை நெருங்கும் ஆளுக்கு அந்த நடை ஆச்சரியம்தான். ஹால் முழுக்க எழுந்திருக்கப் பார்த்தது, கையால் அமர்த்தினார். மெஹருன்னிசாவின் கேள்வியை நின்று கேட்டார், தலையை ஆட்டினார், பிறகு எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்: “நாலாவது கேள்விக்குப் பாடப் புத்தகத்துல என்ன இருக்கோ அதையே வரைங்க. எண்பத்து மூணாம் பக்கம். குழப்பிக்க வேணாம்.” அந்தப் பெண் உட்கார்ந்தாள். சார் திரும்பி உமையாள் மேஜைக்கு வந்து, குரலைத் தாழ்த்தி, “நல்ல கேள்விதான் கேக்குது அந்தப் புள்ள” என்று சிரித்தார். அவருக்கு நினைவிருக்கிறதா? அவர் கண்ணைத் தேடினாள். இல்லை. அவர் மறந்தே போயிருந்தார். அது அவளுக்கு வேறெதையும்விட அதிகமாக வலித்தது. “சாப்பிட்டியாம்மா காலைல? ஏன் முகம் வாடிக் கெடக்கு?” என்று கேட்டார். “சாப்பிட்டேன் சார்.” “அந்த உறையை முடிச்சுக் கொடுத்துடும்மா. இழுத்துக்கிட்டே போனா உனக்கும் தூக்கம் இருக்காது, எனக்கும் இருக்காது. அந்தப் பொண்ணு மேல எனக்கு ஒரு கோபமும் இல்ல. சின்ன வயசு, அவசரம். அடுத்த புத்தகத்துல முன்னுரையில நாலு வரி நல்லாச் சொல்லிடலாம்.” அவர் பொய் சொல்லவில்லை. கோபம் உண்மையிலேயே இல்லை. வயிறு நிறைந்தவருக்குக் கோபம் எதற்கு? அப்படி நினைத்ததும் உமையாளுக்கே தூக்கிவாரிப் போட்டது, நானா இப்படி நினைக்கிறேன் என்று. சார் அவள் மேஜையிலிருந்த நூல்கண்டை எடுத்து ஒழுங்காகச் சுற்றி வைத்துவிட்டுப் போனார். பதினேழு வயதில் கல்லூரியில் சேர்ந்த அன்றைக்கும் இப்படித்தான், அவள் மேஜையில் உருண்டுகொண்டிருந்த பென்சிலை நிறுத்தி வைத்துவிட்டுப் போனார்.

எண்பத்து மூன்றாம் பக்கம். கண்ணை மூடினால் போதும், அப்படியே வந்து நிற்கும். அப்போது அவளுக்கு இருபத்தைந்து வயது. அந்தப் பாடப் புத்தகம்தான் சாரின் முதல் புத்தகம். அதற்கு நூற்றுப் பன்னிரண்டு படம், நூற்றுப் பன்னிரண்டும் அவள் வரைந்தது. கறுப்பு மை, டிரேசிங் தாள், தப்பினால் பிளேடால் சுரண்ட வேண்டும். பார்த்தினன் தூணை வெட்டிப் பார்த்தால் எப்படியிருக்கும் என்று காட்டுகிற படம் கடைசியில் வந்தது. வட்டம் போட்டு, டிவைடரின் இரண்டு காலையும் பள்ளத்தின் அகலத்துக்கு விரித்து, வட்டத்தின் விளிம்பில் நடக்க விட்டாள். இருபது எட்டில் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர வேண்டும். விரித்தது மயிரிழை கூடிப்போயிற்று. பத்தொன்பதிலேயே வந்து கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது. இடைவெளி மிஞ்சியிருந்தால் சந்தேகம் வந்திருக்கும், மிஞ்சவில்லை. எண்ணவும் இல்லை. அச்சாகி மூன்று மாதம் கழித்து ஒரு நாள் சும்மா புரட்டும்போது விரல் வைத்து எண்ணினாள். மறுபடி எண்ணினாள். அழுதுகொண்டே போய்ச் சொன்னாள். சார் சிரித்தார். “யாரும்மா எண்ணப் போறா? பேசாம இரு.” அந்தச் சிரிப்பில் அவளுக்குப் போன உயிர் வந்தது. மன்னித்துவிட்டார் என்றுதான் நினைத்தாள். அதற்குப் பிறகு ஆறு பதிப்பு. வகுப்பில் இருபது என்று வாயால் சொல்வாள், படத்தைப் பார்க்கச் சொல்லமாட்டாள். யாராவது எண்ணிவிடுவார்களோ என்கிற பயம் ஒன்று, எண்ணினால் இது யார் வரைந்தது என்று கேட்பார்களே என்கிற பயம் இன்னொன்று. கேட்டால் என்ன சொல்வாள்? புத்தகத்தில் அவள் பெயரே கிடையாது. தப்பிலிருந்து அந்த மட்டில் தப்பித்தாள். அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. புத்தகத்தை மடியில் வைத்து ஒவ்வொரு பக்கமாகத் திருப்பி, “உன் பேரு எங்கடி?” என்று கேட்டாள். உமையாள் முன்னுரையில் ஒரு வரியைக் காட்டி வாசித்துப் பொருள் சொன்னாள், ‘ஒரு மாணவியின் உதவியுடன்’ என்று. அம்மா அந்த வரியின் மேல் விரலை வைத்து, “இது உன் பேரு இல்லையே. மாணவின்னுல்ல போட்டிருக்கு” என்றாள். “உனக்கு என்னம்மா தெரியும் இதைப்பத்தி?” என்று உமையாள் எரிந்து விழுந்தாள். அம்மா புத்தகத்தை மூடிக் கையில் கொடுத்துவிட்டு உலை வைக்கப் போனாள். அப்புறம் சாகிற வரைக்கும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

பதினொன்றரை மணி அடித்தது. உமையாள் எழுந்து வரிசைகளுக்கு நடுவே நடந்தாள். காப்பி அடிக்கிறார்களா என்று பார்க்கிற நடைதான், ஆனால் கண் வேறெதையோ எண்ணியது. முதல் பெஞ்சில் தூணின் வட்டம், பத்தொன்பது. அடுத்ததில் பத்தொன்பது. ஒருவன் அவசரத்தில் பதினேழு போட்டு இரண்டைத் திணித்துக்கொண்டிருந்தான். ஒரு பெண் மனப்பாடமாக, நாக்கைக் கடித்துக்கொண்டு, பத்தொன்பதாவது பள்ளத்தை உமையாள் வரைந்த அதே கோணத்தில் முடித்தாள். நாலு தாள் தள்ளிப் பார்த்தாலும் அதேதான். என் கை, என்று நினைத்தாள். என் இருபத்தைந்து வயதுக் கை இத்தனை பேர் கையில் இருக்கிறது. பெயர் போய்விட்டது, பிழை மட்டும் போகாமல் பிழைத்துக் கிடக்கிறது. ஜெசிந்தா என்ன சொன்னாள்? அந்தத் தப்பு என்னோடது. தலை நிமிர்ந்து சொன்னாள், மூன்று பேர் முன்னால், கூசாமல். அந்த வரைபடங்களை உமையாள் வீட்டுக்குக் கொண்டுபோய் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பார்த்தாள். தூணின் தலையில் குருவி கட்டியிருந்த கூட்டைக்கூட அளந்து வரைந்திருந்தாள் அந்தப் பெண். காரை உதிர்ந்த இடம், யாரோ ஆணியடித்துக் கொடி கட்டிய இடம், ஒன்று விடவில்லை. பார்க்கப் பார்க்க உமையாளுக்குள் என்னவோ சுருங்கியது. பொறாமைதான், அதற்கு வேறு பெயர் வைக்க முடியாது. அதீனாவுக்கும் வந்ததே. தறியில் தன்னை ஜெயித்த அராக்னி என்கிற சாதாரணப் பெண் நெய்த துணியில் ஒரு குறை கண்டுபிடிக்க முடியவில்லை, அந்த ஆத்திரத்தில் துணியைக் கிழித்து, நூல் ஓட்டுகிற நாடாக்கட்டையால் அவள் நெற்றியிலேயே அடித்து, அவளைச் சிலந்தியாகவும் ஆக்கிவிட்டாள் அறிவுத் தெய்வம். அதையும் வகுப்பில் சொல்வதுண்டு, சிலந்தி எப்படி வந்தது என்று வேடிக்கையாக. ‘போதிய ஆதாரமில்லை’ என்று எழுதுவதற்கு நாடாக்கட்டைகூட வேண்டாம், ஒரு பேனா போதும் என்று தோன்றியது. ஜன்னலோரம் மெஹருன்னிசாவின் தாளைப் பார்த்தாள். வட்டம் போட்டிருந்தது, நாலாகப் பிரித்திருந்தது, அதற்கு மேல் ஒன்றும் இல்லை. அந்தப் பெண் அந்த இடத்தை விட்டுவிட்டு ஐந்தாவது கேள்விக்குப் போயிருந்தாள்.

பன்னிரண்டு மணிக்குப் பாக்கியம் டீ கொண்டுவந்து வைத்தாள். பாக்கியம் பதினெட்டு வருஷமாக இந்தக் கட்டடத்தில் இருக்கிறவள், எந்தச் சேதியும் அவளிடம் முதலில் வந்துவிட்டுத்தான் மற்றவர்களிடம் போகும். “அந்த ஜெசிந்தா மேடம் ஆபீஸ் வாசல்ல ஒக்காந்திருக்காங்க மேடம். காலைலேர்ந்து. டீ குடுத்தேன், வேணாம்னுட்டாங்க” என்று காதோடு சொன்னாள். உமையாள் தலையை ஆட்டினாள். டீயில் ஏடு படிந்தது, அவள் குடிக்கவில்லை. ஊர்க்காரர்கள் கூடி ஒரு கொலை வழக்கை விசாரித்த கிரேக்கக் கதை ஞாபகம் வந்தது. அம்மாவைக் கொன்ற மகன் மேல் வழக்கு. ஓட்டு இரண்டு பக்கமும் சரிசமமாக விழுந்துவிட்டது. தலைமையில் இருந்தவள் அதீனா, அவள் ஓட்டுத்தான் முடிவு. மகன் பக்கம் போட்டாள், அவன் தப்பித்தான். காரணமும் சொன்னாள்: என்னைப் பெற்றவள் என்று ஒருத்தி கிடையாது, நான் எப்போதும் அப்பா பக்கம்தான். இத்தனை வருஷம் அந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் உமையாள் அதை நியாயம், கருணை, நீதிமன்றத்தின் தொடக்கம் என்றெல்லாம் பிள்ளைகளுக்கு விளக்கியிருக்கிறாள். இன்றைக்கு அந்த வரி வேறு மாதிரிக் கேட்டது. பெற்றவள் கிடையாதாமே! அந்தக் கவசத்தைப் போட்டுக்கொண்டே அதைச் சொன்னாளே! உள்ளே உட்கார்ந்து அடித்தவளுக்கு அந்தப் பேச்சு கேட்டிருக்காதா? உனக்கு என்னம்மா தெரியும் இதைப்பத்தி. அம்மா உலை வைக்கப் போன முதுகு. மஞ்சள் ரவிக்கை, வலது தோளில் தையல் விட்டிருந்தது. அதை அன்றைக்கு மாலையே தைத்துக் கொடுத்திருக்கலாம், கொடுக்கவில்லை. உமையாளுக்குக் கண் நிறைந்தது. நாற்பத்திரண்டு பேரில் ஒருத்தரும் நிமிரவில்லை, தேர்வு ஹாலில் அது ஒரு வசதி.

பயம் என்று பார்த்தால் பயம் இன்னும் இருந்தது. கையெழுத்தை ஜெசிந்தா பக்கம் போட்டால் சார் வீட்டுக்குப் போகிற வழி அடைபடும். பொங்கலுக்குப் போய்க் காலில் விழுவது, அவர் மனைவி தருகிற ரவிக்கைத் துண்டு, எல்லாம் போகும். யாராவது கேட்பார்கள், சார் டேப் பிடிக்கமாட்டார் என்று உனக்கு எப்படித் தெரியும்? நான் பிடித்தேன் என்று சொல்ல வேண்டும். எப்போது? முதல் புத்தகத்துக்கு. அப்படியானால் படம்? அங்கே வந்து நிற்கும். நூற்றுப் பன்னிரண்டு படமும் வரைந்தது நான்தான் என்று சொல்லலாம், ஆனால் அத்தாட்சி என்ன என்று கேட்டால் அவளிடமும் ஒன்றே ஒன்றுதான் உண்டு. ஆறு பதிப்பில், ஊரெல்லாம் படித்த புத்தகத்தில், அறிவுத் தெய்வத்தின் கோயில் தூணுக்கு ஒரு பள்ளத்தைக் குறைத்து வைத்தவள் என்று தன் வாயாலேயே சொல்ல வேண்டும். பேராசிரியை. விசாரணைக் குழுத் தலைவர். சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும் என்று ஒரு நிமிஷம் தோன்றியது, அடுத்த நிமிஷம் அந்தத் தைரியம் போய்விட்டது. பார்த்தினனில் ஒரு தூண்கூட நேராக நிற்பதில்லை. நேராகத் தெரிய வேண்டும் என்பதற்காக எல்லாவற்றையும் துளி உள்ளே சாய்த்துத்தான் கட்டினார்கள். அவளும் அப்படித்தான் இருபத்தாறு வருஷமாக நிற்கிறாள், பார்க்கிறவர்களுக்கு நேராக. முதுகு வலித்தது. நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தாள். கடிகாரம் பன்னிரண்டு நாற்பத்தைந்து காட்டியது.

மெஹருன்னிசா நாலாவது கேள்விக்குத் திரும்பியிருந்தாள். காம்பஸை வைத்துவிட்டுக் கன்னத்தில் கை வைத்து அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பெருமூச்சு விட்டு, பாகைமானியை எடுத்து ஓரமாகத் தள்ளிவிட்டு, கண் மதிப்பில் பத்தொன்பது கோடு போட ஆரம்பித்தாள். சரி எது என்று தெரிந்த கை தப்பைப் போட ஆரம்பிப்பதை உமையாள் உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்த்தாள். முதல் கோடு. இரண்டாவது கோடு. மூன்றாவது கோட்டுக்கு அந்தப் பெண் பென்சிலைத் தூக்கியபோது உமையாள் எழுந்துவிட்டாள். எழுந்ததை யோசித்துச் செய்ததாகப் பிற்பாடு அவளாலும் சொல்ல முடியாது.

“எல்லாரும் ஒரு நிமிஷம் கவனிங்க. நாலாவது கேள்வி. தூணைச் சுத்தி இருபது பள்ளம். புத்தகத்துல இருக்கிறது தப்பு. இருபதுதான் சரி.”

ஹாலில் சலசலப்பு. முதல் பெஞ்சுப் பையன் பரிதாபமாகக் கேட்டான்: “மேம், சார் புக்குல இருக்கிறதையே போடச் சொன்னாரே?”

“சொன்னார். அந்தப் படத்தை வரைஞ்சது நான். டிவைடரைக் கொஞ்சம் அகலமா விரிச்சுட்டேன், எண்ணிப் பார்க்கல. தப்பு என்னோடது. இருபது போட்டாலும் மார்க் உண்டு, பத்தொன்பது போட்டு முடிச்சவங்களுக்கும் உண்டு. அதை நான் எழுதிக் கொடுக்கிறேன்.”

ஹால் முழுக்க ரப்பர் தேய்கிற சத்தம் கிளம்பியது. மெஹருன்னிசா மட்டும் அழிக்கவில்லை. புருவத்தைச் சுருக்கிக்கொண்டு, கூச்சத்தோடு கையைத் தூக்கினாள்.

“மேம், ஆனா படத்துக்குக் கீழ உங்க பேரு இல்லையே?”

அம்மா விரலை வைத்த இடத்திலேயே அந்தப் பெண்ணின் கேள்வியும் விரலை வைத்தது.

“இல்லம்மா” என்றாள் உமையாள். “போட்டிருக்கணும்.”

நாற்காலியில் உட்கார்ந்து கைப்பையிலிருந்து காக்கி உறையை எடுத்தாள். அறிக்கையை விரித்து, தலைவர் என்ற இடத்துக்கு மேலே இருந்த வெள்ளையில் எழுதினாள்: குற்றச்சாட்டு உண்மை. வரைபடங்கள் ஆசிரியை ஜெசிந்தாவுடையவை. துறைத் தலைவருக்கு அளவெடுக்கும்போது தாமே டேப் பிடிக்கும் வழக்கமில்லை, பத்து சென்டிமீட்டரைக் கழிக்க மறக்கும் வழக்கமும் இல்லை என்பதை நேரில் அறிவேன், அவருக்காக இருபத்தாறு ஆண்டுகளுக்கு முன் டேப் பிடித்தவள் நான். கையகல இடம் தீர்ந்துவிட்டது. மேஜையிலிருந்து ஓர் அடிஷனல் ஷீட்டை உருவினாள். அவரது முதல் நூலின் நூற்றுப் பன்னிரண்டு படங்களும் நான் வரைந்தவை. சான்று, எண்பத்து மூன்றாம் பக்கம், என்று எழுதிக்கொண்டிருக்கும்போதே மணி அடித்தது. “பேனாவைக் கீழ வைங்க” என்று நிமிராமலே சொன்னாள். நாற்பத்திரண்டு பேனாவும் கீழே போயின. பாக்கியம் விடைத்தாள்களைச் சேர்த்து அடுக்கிக்கொண்டு மேஜைக்கு வந்தவள், கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள்.

“மேடம், டைம் முடிஞ்சிருச்சு. நீங்க இன்னும் எழுதிக்கிட்டே இருக்கீங்க?”

“ஒரு வரிதான் பாக்கி பாக்கியம். நீ போயி ஜெசிந்தா மேடத்துக்கு மறுபடியும் ஒரு டீ குடு. நான் குடுக்கச் சொன்னேன்னு சொல்லு, குடிப்பாங்க.”

வரியை முடித்தாள். கீழே ‘ச. உமையாள்’ என்று போட்டு, கோடு இழுத்து, அடிஷனல் ஷீட்டை அறிக்கையோடு சேர்த்து வைத்து, வெள்ளை நூலால் முடிச்சுப் போட்டாள்.